ஆள் எண்ண வந்த அரிசி

பெயர் எழுத யார் வந்தாலும் எங்கள் குப்பத்து ஆண்கள் ஏரியில் இறங்கிவிடுவார்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர், பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார். பறி என்பது பனையோலைக் கூடை. பின்னாலேயே மிதந்து வரும். வாயில் கயிறு இருக்கிறவரிடம் பெயர் கேட்டு என்ன பயன்?

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏரி நடுவே ஒரு திட்டில் குடியிருந்தோம். முதலில் அரிசி கொடுத்தார்கள். அப்புறம் பெயர் எழுதினார்கள். அப்புறம் ஆண்களைக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கினார்கள். அடுத்த மழைக்குள் எங்களைக் கிளப்பி, கோட்டைக்குப்பத்துக்கு அப்பால் இந்த உவர் மண்ணில் கொண்டுவந்து போட்டார்கள். அன்றிலிருந்து இலவச அரிசி என்றாலே, பின்னால் யார் நோட்டோடு வருகிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

கொரோனா வந்து பஸ்ஸும் மீன் மார்க்கெட்டும் நின்றுபோயின. பிடித்த இறாலை வாங்க ஆளில்லாமல் நாங்களே அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் ஒருநாள் டச்சுக்காரர் கல்லறைப் பக்கமிருந்து மாதா கோயில் வேன் வந்தது. என்னைப் பெற்ற நைனாவுக்கு அன்று மூன்றாம் நாள் காய்ச்சல். காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் மொத்தக் குப்பத்தையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள், திரும்பி வரும்போது குடிசை இருக்காது என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எட்டாவது வரை படித்தவள் என்பதால் என் பேச்சு எடுபடும்.

"நைனா, நீயும் எறங்கு. கொஞ்ச நேரந்தான்," என்றேன். பறியை எடுத்துக்கொண்டு போனார்.

வேனிலிருந்து இறங்கியவளுக்கு முப்பது வயது இருக்கும். கையில் நோட்டு.

"வீட்டில எத்தனை பேர், அக்கா? ஆருக்காவது காய்ச்சல் இருக்கோ?"

பேச்சே இந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லை. "நீ யாரு? இன்னாத்துக்கு பேரு எழுதறே? அரிசி குடுக்க வந்தியா, ஆள் எண்ண வந்தியா?"

"நான் சிலோன் அக்கா. அகதி முகாமில இருக்கிறன். ஃபாதர்தான் எங்களுக்கும் அரிசி தந்தவர். இடம்பெயர்ந்த சனம் இங்கயும் இருக்கினம் எண்டு சொன்னவர். அதுதான் பிரிச்சுக் குடுக்க வந்தனான்."

நான் விடவில்லை. ஃபாதருக்கு எங்களைப் பற்றி யார் சொன்னது? இந்த நோட்டு யார் கைக்குப் போகும்? நாளைக்கு ஜெபத்துக்கு வா என்பீர்களா? அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். அவள் சலிக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வக்கீல் மாதிரி மடக்கி மடக்கிக் கேட்டேன். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. அவ்வளவு நேரமும் நைனா தண்ணீரில் இருந்தார்.

அவள்தான் ஏரியைப் பார்த்தாள். "அந்த ஐயா ஏன் கையை அசைக்காம இருக்கிறார்?"

செருப்போடு தண்ணீரில் இறங்கி, அவரை அணைத்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். குளிரில் பல் கிட்டிப்போய்க் கயிறு வாயிலிருந்து வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு அவரை வேனில் ஏற்றினோம். நானும் ஏறினேன். இது பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடுதானா என்று டிரைவரிடம் இரண்டு முறை கேட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கேட்டார்கள். நைனாவின் தலை என் தோளில் கிடந்தது. எழுதுகிறவர் கையில் பேனாவைப் பார்த்ததும் நைனாவின் பெயர் என்று வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். இதை வைத்துக்கொண்டு எங்களை யாரும் தேடி வர முடியாது என்று ஒரு திருப்தி வேறு. கூட யாரையும் உள்ளே விடவில்லை. அவள் மிச்ச வீடுகளுக்கு அரிசி கொடுக்கத் திரும்பினாள். போகும்போது ஒரு ரொட்டிப் பாக்கெட்டை என் மடியில் வைத்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு நர்ஸ் வெளியே வந்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கூவினாள். "இவரோட பொண்ணு யாரும்மா? கேட்டுட்டே இருக்காரு. ஜன்னலாண்ட வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ!"

மரத்தடியில் இருபது பேர் இருந்தோம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பெற்றவர் கூப்பிடும்போது எங்கே போய்த் தொலைந்தாளோ என்று எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. நர்ஸ் இன்னொரு முறை கூவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் முகாம்காரப் பெண் வந்தாள். நேரே உள்ளே போய் விசாரித்துவிட்டு, வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று வாசலில் நான் சொன்ன பெயரை அவள் மறக்கவில்லை. அதைச் சொல்லி, "அது உங்கட அப்பாதானே, அக்கா? மத்தியானம் உங்களைக் கேட்டவராம். கூப்பிட்டுப் பார்த்தும் ஒருத்தரும் வரேல்லையாம்," என்றாள். "கொஞ்ச நேரத்துக்கு முன்னம் சீவன் போயிட்டுதாம்," என்று என் கையைப் பிடித்தாள்.

மத்தியானம் நைனா கூப்பிட்டது என் காதில் விழுந்தது. நானே கொடுத்த பெயர்தான் எனக்கு நினைவில்லை. நான் யார் வீட்டுப் பெண்ணையோ திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.