சுவரைப் பார்த்து நிற்கும் ஸ்கேன் அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அக்கா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பெருங்குடலுக்குள் வளரும் பாலிப் என்ற சின்னச் சதைக்கட்டியைக் கண்டுபிடிக்கத் தன்னுடைய ஸ்கேனே போதும் என்பது அவர் கட்சி. நான் கேமரா குழாய் அறையில் நர்ஸ். குழாயைக் குடலுக்குள் விட்டு நேரில் பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை என்பது என் கட்சி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

எது கெட்டி என்று பார்க்க ஆஸ்பத்திரியே ஒரு ஆய்வைத் தொடங்கியது. ஒரே ஆளுக்குக் காலையில் ஸ்கேன், மதியம் குழாய். ஸ்கேனில் தெரிந்ததைக் குழாய் விடும் டாக்டருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. குடலை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஸ்கேன் முடிவும் தனித்தனியாக ஆறு உறையில். ஒரு பகுதியை டாக்டர் பார்த்து முடித்த பிறகுதான் அக்கா அதற்கான உறையைப் பிரித்து வாசிப்பார். டாக்டர் எதையாவது விட்டிருந்தால் குழாய் திரும்பிப் போய்த் தேடும்.

முதல் மாதம் டாக்டர் ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. அக்காவால் எதையும் முகத்தில் மறைக்க முடியாது. பாலிப் இருக்கும் இடத்தைக் குழாய் நெருங்கினால் புருவம் ஏறிவிடும். தன்னையறியாமல் டாக்டர் அதைப் பார்த்தே தேடியிருக்கிறார். அந்த மாத முடிவுகள் குப்பைக்குப் போயின. அன்றிலிருந்து அக்கா, வகுப்பில் தண்டனை வாங்கியவர் போலச் சுவரைப் பார்த்து நின்றார்.

அப்படியிருக்க, லாரி ஓட்டும் அவருடைய தம்பி ஆய்வுக்கு வந்தார். அவர்கள் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் போனவர். தம்பி பயத்தைச் சிரித்தே மறைப்பார்.

"அக்கா, நீ படம் எடு, போதும். அந்தக் குழாய் சமாச்சாரம் வேணாமே."

"ரெண்டும் பண்ணிக்கிறதா இருந்தா ஏறிப் படு. இல்லேன்னா லாரிய எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இரு."

ஏறிப் படுத்துவிட்டார்.

மதியம் அவருக்கு மயக்க ஊசி போட்டது நான். உறை வாசிக்க வேறு ஆளை நிறுத்தலாமே என்றதற்கு, "என் தம்பி, நான்தான் நிப்பேன்" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் இரண்டு பகுதிகளில் ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பார்த்துவிட்டு டாக்டர் "சுத்தம்" என்றார். அக்கா உறையைப் பிரித்தார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர். ஒம்பது மில்லிமீட்டர்."

டாக்டர் திரும்பிப் போய்த் தேடினார். காணவில்லை. "ஏதாவது கழிவா இருந்திருக்கும்மா. ஸ்கேன்ல அதுவும் இப்படித்தான் தெரியும்" என்றார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "மல்லாக்கப் படுக்க வச்சும் எடுத்தேன், கவுத்துப் போட்டும் எடுத்தேன். கழிவா இருந்தா நகர்ந்திருக்கும். இது அசையவே இல்ல. மடிப்புக்குப் பின்னால பாருங்க."

யானைக்கும் அடி சறுக்கும். டாக்டர் வாதாடாமல் மறுபடி போய், மடிப்பைக் குழாய் நுனியால் அமுக்கினார். பின்னாலிருந்து செக்கச்செவேலென்று எட்டிப் பார்த்தது. கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்தெடுத்தார். அக்கா அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த உறையை எடுத்தார்.

கடைசிப் பகுதியில் டாக்டரே நின்றார். "இங்க ஒண்ணு, தட்டையா." அதையும் எடுத்தார்.

உறையில் அது இல்லை. தட்டையானவை ஸ்கேனுக்குத் தப்பிவிடும். என் கட்சி ஜெயித்த நேரம், எனக்கோ கொண்டாடத் தோன்றவில்லை. "என் படத்துல இது இல்ல, எழுதிக்கோ" என்று அக்கா சத்தமாகச் சொன்னார்.

பத்து நாளில் லேப் முடிவு வந்தது. இரண்டுமே புற்றாக மாறக்கூடிய ரகம், இன்னும் மாறவில்லை. முடிவை வாங்க வந்த தம்பி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"புற்றுல போனவரு உனக்கும் அப்பாதானே? ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறியே, உனக்கு யாரு எடுத்தா?"

இருபத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட அக்கா தன் குடலைப் பார்த்துக்கொண்டதில்லை. எங்களில் யாரும் கேட்டதும் இல்லை.

அந்த வாரமே ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தார். மதியம் எங்கள் அறைக்கு வந்தார். உறைகளைப் பிரித்து வாசித்தது நான். ஆறிலும் ஒன்றுமில்லை, டாக்டர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் அதைச் சொன்னபோது, என்னால் முழு வாக்கியமாகச் சொல்ல முடியவில்லை.