இருபது டிரான்சிஸ்டரில் ஒரு ஜோடி

போன வருடம் ஜூன் மாதம் முழுக்க என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. இருபது டிரான்சிஸ்டர்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் நான் அளந்து எழுதிய எண். சோற்றை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

குன்னூரில் தேயிலைக் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை எனக்கு. மற்ற நேரமெல்லாம் ரேடியோ. அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே வானொலியில் பேசும் பைத்தியங்களில் நானும் ஒருவன். என் செட் நானே செய்தது. ஐந்து வாட்தான் கொடுக்கும். அதை ஐம்பதாக்க ஒரு ஆம்ப்ளிஃபையர். அதற்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறிப் பாரம் சுமக்கும். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தால்தான் குரல் சுத்தமாகப் போகும் என்பது என் கட்சி.

ஊட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் எதிர்க்கட்சி. கோயம்புத்தூர்க்காரர், அவரும் ரேடியோ ஆசாமிதான். "ஏனுங்க, டப்பாவுல கைய உட்டா எந்த ரெண்டு வருதோ அதைப் போடுங்க. ஒண்ணு கொஞ்சம் சூடாகும். அவ்வளவுதானுங்க" என்பார்.

"உங்க குரல் கரகரன்னு வருதுங்க" என்பேன்.

"கேக்குதில்லீங்களா?" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பிறந்து வளர்ந்தது சேரம்பாடி எஸ்டேட்டில். அம்மா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, அங்கே முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். இப்போது தங்கச்சியோடு இருக்கிறாள். தங்கச்சி எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் செல்போன் டவர் படுத்துவிடும். அதனால் அவளை நச்சரித்து லைசென்ஸ் எடுக்க வைத்தேன். என்னிடமிருந்த நல்ல கம்பெனி செட்டை, நூறு வாட் கொடுப்பதை, அவளுக்குக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேச்சு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

அந்த இருபதில் ஒரு நல்ல ஜோடி ஜூன் முதல் வாரமே கிடைத்துவிட்டது. போட்டேன், ஆம்ப்ளிஃபையர் அருமையாக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்ததில் ஒன்றைச் சும்மா எடுத்து மறுபடி அளந்தேன். எண் வேறாக இருந்தது. இன்னொன்றை அளந்தேன், அதுவும் வேறு. கோயம்புத்தூரில் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. டிரான்சிஸ்டருக்குச் சூடு ஏறினால் எண்ணும் மாறும். பாதியை நான் காலை மஞ்சில், விரல் விறைத்துப்போய் அளந்திருந்தேன். மீதியை மத்தியானம், ஜன்னல் வெயிலில், டீ கிளாஸைக் கீழே வைத்த கையோடு அளந்திருந்தேன். சீட்டில் எழுதி வைத்ததெல்லாம் குன்னூரின் வெயிலும் குளிரும்தான்.

நல்ல புத்தி உள்ளவன் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பான். ஓடிக்கொண்டிருந்த ஜோடியை நான் அன்றைக்கே கழற்றிவிட்டேன். அது தற்செயலாக ஒத்துப்போன ஜோடி என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, கை படாமல் இடுக்கியால் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஆறவிட்டு, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். சாயங்காலப் பேச்சு வெறும் ஐந்து வாட்டில், மங்கலாகத்தான் போனது. ஆபீஸிலும் இதே நினைப்பு. ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல் எண்கள் ஓடின.

நான்காம் நாள் பேய் மழை. மத்தியானமே கரண்ட் போனது. ஆறு மணிக்கு கார் பேட்டரியில் செட்டைப் போட்டேன். தங்கச்சி ஆறுக்கு முன்னாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கேக்குதா? அம்மாவுக்கு மூச்சு வாங்குது. கூடலூர் ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. கேரளா பக்கம், பத்தேரி ஆஸ்பத்திரிக்கு ரோடு இருக்கு, ஜீப்பும் இருக்கு. அம்மா வரமாட்டேங்குது. மகன் சொன்னாத்தான் போவேன்னு அடம் புடிக்குது. நீ ஒரு வார்த்த சொல்லுண்ணே."

"போகச் சொல்லு! உடனே போங்க!" என்று கத்தினேன். ஐந்து வாட். இடி மின்னல் இரைச்சலில் அது எங்கே போய்ச் சேரும்?

"அண்ணே, கேக்குதா?"

மறுபடி கத்தினேன். மேசையைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு எந்த இரண்டை எடுத்துப் போட்டாலும் போதும். ஆனால் கரண்ட் இல்லாமல் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் எப்படிச் சூடாகும்? ஊட்டி நண்பராவது இடையில் நின்று என் பேச்சை வாங்கிச் சொல்லியிருப்பார். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. தங்கச்சியின் செல்போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

"அண்ணே, நீ இருக்கியா இல்லையா?"

அவள் குரல் உடைந்தது. பின்னால் அம்மா இருமுவது கேட்டது. கொஞ்ச நேரம் இருமல் மட்டும்தான். மைக் பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே தங்கச்சி திரும்பிப் பேசினாள் போலிருக்கிறது. மெதுவாகத்தான் பேசினாள், எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணன் சொல்லிருச்சும்மா, இரைச்சல்ல உனக்குக் கேக்கல. பத்தேரிக்கே போகச் சொல்லுது. எந்திரி."

அவள் செட் அணைந்தது.

இரண்டு நாள் கழித்து ரோடு திறந்தது. பஸ் மாறி மாறி பத்தேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் என்னைக் காட்டி, "இவன்தான் என் மகன். ரேடியோல சொன்னான், வந்தேன். இல்லாட்டி வந்திருக்கவே மாட்டேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னதாலதான்யா பொழச்சேன்."

தங்கச்சி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்றேன்.

தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அம்மாவிடம் சொன்ன பொய்யை என்னிடம் யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் நான் திகைக்கவே இல்லை. வராந்தாவுக்கு வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"அப்ப நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா. கத்திக்கிட்டே இருந்தேன், உனக்குக் கேக்கல."

"முந்தின வாரம் நல்லாத்தான கேட்டுச்சு? செட்டுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது. நல்லா ஓடுனதைக் கழட்டிப் போட்டுட்டேன், இன்னும் நல்ல ஜோடி தேடுறதுக்கு, என்றேன்.

"நீ வெளிய எங்கயோ போயிட்டன்னு நெனச்சுக்கிட்டேண்ணே" என்றாள். "அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்."

அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் என்று உள்ளே போய்விட்டாள்.