கேசரியும் சீனியில்லாத நுரை ஒயினும்

பலாபத்வலைக்குப் பக்கத்துக் கொக்கோ தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கிளாக்கராக இருந்தார். வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது அவரிடம் ஒரு போத்தல் கொடுத்துவிட்டுப் போனார். நுரை பொங்கும் வெள்ளை ஒயின், சீனி என்பதே இல்லாதது. இனிப்போடு குடிக்காதே, உப்பாகப் பொரித்தது ஏதாவது வைத்துக்கொள் என்றும், நல்ல நாள் பார்த்துத் திற என்றும் சொன்னாராம். எங்களுக்கு நல்ல நாள் என்றால் ஒன்றுதான். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று எங்களுக்கு இல்லாமல் வைத்திருந்த இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்கிற நாள்.

அந்த நாள் வராமல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. தோட்டத்தில் யாராவது பிரஜாவுரிமை விசாரணைக்குப் போய்வந்தால் போதும், எனக்குச் சோறு இறங்காது. கொடுத்தார்களா, இல்லை என்றார்களா, என்னென்ன கேட்டார்கள் என்று லயம் லயமாக, வீடு வீடாகப் போய் விசாரிப்பேன். "ஒரு இடத்துல உக்காரேன், பேய் புடிச்சவ மாதிரி அலையிற" என்பார் வீட்டுக்காரர். எப்படி உட்காருவது? நான் பிறந்த மண்ணில் நான் இருக்கலாமா என்று எவனோ யோசித்துக்கொண்டிருக்கிறானே!

ஒருவழியாக எங்கள் இருவருக்கும் கிடைத்தது. அப்போதும் போத்தலைத் தொட விடவில்லை நான். என் தம்பியின் விசாரணை பாக்கி இருந்தது. அவனும் இதே தோட்டத்தில் பிறந்தவன், கொக்கோ காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தான். அவனுக்கும் கிடைக்கட்டும், மூன்று பேருமாகக் குடிப்போம் என்றேன்.

அவன் விசாரணைக்குப் போன அன்று நான் கேசரி கிண்டினேன். துரை சொன்னதை வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தி, கருவாடு பொரிக்கச் சொன்னார். "போங்க நீங்க! நல்ல சேதியோட வர்ற புள்ளைக்குக் கருவாட்டு நாத்தத்தையா காட்டுவாங்க?" என்று சத்தம் போட்டேன். நல்ல காரியத்துக்கு முதலில் இனிப்பு; துரைக்கு அது எங்கே தெரியும்! போத்தலை வாளியில் வைத்து, மேலே மலையிலிருந்து பீலி வழியாக வரும் குளிர்ந்த தண்ணீர் விழ விட்டேன். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்ததில் கேசரி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

பொழுது சாயும்போது வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான். "இல்லேன்னுட்டாங்கக்கா. நான் இந்தியாவுல ஒரு வருசத்துக்கு மேல இருந்துட்டனாம்."

அவன் இருந்தது அம்மாவுக்காக. இந்தியாவில் இருக்கும் பூர்வீக ஊரைப் பார்க்கப் போன அம்மா அங்கேயே படுக்கையில் விழுந்துவிட்டாள். எனக்கு நிறைமாதம், அசைய முடியாது. அவன்தான் போனான். கஞ்சி ஊற்றி, உடம்பு துடைத்து, கடைசியில் கொள்ளியும் வைத்துவிட்டுத்தான் திரும்பினான்.

வீட்டுக்காரர் போத்தலை வாளியிலிருந்து எடுத்து அலுமாரிக்குக் கொண்டுபோனார். "எங்க மச்சான் கொண்டு போறீங்க? தொறங்க. இன்னும் எந்த நாளுக்கு வைக்கப் போறீங்க?" என்றான் தம்பி.

மூடி தெறித்துக் கூரைத் தகரத்தில் அடித்தது. டம்ளர்களில் ஊற்றினார். நான் கேசரியைத் தின்றுவிட்டு ஒரு வாய் குடித்தேன். ஐயோ, எலுமிச்சங்காயைக் கடித்த மாதிரி! "கெட்டுப் போச்சு, எல்லாமே கெட்டுப் போச்சு" என்று டம்ளரை ணங்கென்று வைத்தேன். தம்பி எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினான். நெத்தலிக் கருவாட்டைச் செத்தல் மிளகாயோடு மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்தான்.

"இதைக் கடிச்சிட்டுக் குடிச்சுப் பாருக்கா."

குடித்தேன். அதே ஒயின்தான். உப்பையும் எண்ணெயையும் நாக்கிலிருந்து குளிரக் குளிரக் கழுவிக்கொண்டு போனது. நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவன் நாளைக்கு எந்த ஊர்க்காரன் என்று தெரியாத நேரத்தில் என் நாக்கு ருசி கேட்கிறதே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் கை தட்டுக்குத்தான் போனது. கேசரியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

போத்தல் காலியாகும் நேரத்தில் தம்பி கேட்டான். "அக்கா, நான் அம்மாகிட்டப் போகாம இருந்திருக்கணுமா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"போகாம இருந்திருந்தா இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க விட்டிருக்க மாட்டேன்டா உன்னை!"

கத்திவிட்டேன். அவன் தட்டில் மிச்சமிருந்த நெத்தலியை என் பக்கம் தள்ளினான்.

"அப்பச் சரிக்கா" என்றான்.