வெறுங்காலில் ஐஸ் ஹாக்கி

இன்று காலை அரக்கோணத்திலிருந்து திருத்தணி வரும் ரயிலில் உலக இலக்கியம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. கவிழ்த்தவர் எதிர் சீட்டில் இருந்தார். என் அக்கா வீட்டுக்காரர்; நான் 'பாவா' என்று கூப்பிடுவேன்.

கனடாவின் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றைப் பற்றிப் பாவா புத்தகம் எழுதியிருக்கிறார். சர்பத் கிளாஸுக்கு வெளியே ஐஸைப் பார்த்திராத மனிதர்! ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. நான்தான் தலைமை தாங்கிப் புகழ வேண்டுமாம்.

புரட்டினேன். வீரர்கள் அத்தனை பேரும் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, ஐஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஆட இறங்குகிறார்கள்.

"பாவா, அந்த பூட்ஸுக்கு அடியில கத்தி இருக்குது. அதுலதான் வழுக்கிகினு ஓடுவாங்க. அது இல்லாம ஆட்டமே இல்ல."

"இன்னா மச்சான் பேசற? சோறு போடற எடம். செருப்புக் காலோட மிதிப்பாங்களா? நம்ம கோயில் மலை மேல நீ மிதிப்பியா?"

புத்தகம் முழுக்க இந்த லட்சணம்தான். பனிக்கரடி இதைப் படித்தால் வெட்கப்பட்டு வேலூர் வெயிலில் குடியேறிவிடும்.

"சரி, தலைமை தாங்கறேன். ஆனா நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க வெறுங்காலோட ஐஸ் பாளத்து மேல நிக்கணும்" என்றேன்.

"ஆங், நிக்கறேன்" என்றார் மகானுபாவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

மீன் மார்க்கெட்டில் பாளத்துக்குச் சொல்லியாயிற்று. எவ்வளவு நேரம் பேசட்டும், நண்பர்களே?