பக்கத்து சீட்டில் ஒரு டயர்

கீழ்வீட்டுக்காரர் முதலில் ஐந்தாவது டயருக்குத்தான் காற்றுப் பார்க்கிறார். தரையில் இருக்கும் நாலும் அப்புறம்தான். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பை விலக்கி, வால்வைத் தேடிப் பிடித்து மீட்டரை வைத்து அழுத்துகிறார். முள் நிற்கும்வரை மூச்சு விடுவதில்லை. நின்றதும் தலையை ஆட்டிக்கொண்டு விரிப்பைப் போர்த்தி, டயருக்கு சீட் பெல்ட் போட்டுவிடுகிறார். போடாவிட்டால் கார் கத்தும். சீட்டில் கனம் இருந்தால் அது ஆள்தான் என்று நினைத்துக்கொள்கிறது, பாவம்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, துணிக் கூரை, தரையோடு தரையாகப் பதுங்கும் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் சைக்கிளின் பெடல் நம் கண்ணுக்கு நேரே வரும். அதைச் செய்தவர்கள் ஸ்டெப்னிக்கு இடம் வைக்கவில்லை. பதிலாக நுரை அடிக்கும் டப்பா ஒன்றும், கைக்கு அடக்கமான பம்ப் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். "ஆணி குத்தினா நுரை அடைச்சுக்கும். பக்கவாட்டுல கிழிஞ்சா? அந்த நுரையை வச்சு நான் ஷேவ் பண்ணிக்கவா?" என்று கேட்கிறார். டிக்கியில் அவருடைய கருவிப் பை மட்டும் போகும். அதை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தாலும் முழு அளவு டயர் உள்ளே போகவில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து சீட்டுதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தேழு. எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்து வீடு. "லிஃப்ட் ரிப்பேர் பண்றவரே லிஃப்ட் வேண்டாத வீடாப் பார்த்துப் பிடிச்சிருக்காரே, நமக்கெல்லாம் அது ஒரு எச்சரிக்கை" என்று அவர் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவர் சிரித்ததில்லை. கட்டடத்தில் அவருக்கு 'ஸ்டெப்னி சார்' என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஐம்பத்திரண்டு வயதில் இந்த மனிதருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று வாங்கிய அன்றே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "வாழ்நாள் பூரா மேலயும் கீழயும்தாம்மா போயிட்டு வந்துட்டு இருந்தேன். ஒரு தடவையாவது நேரா, வேகமா போகணும்னு இருந்துச்சு" என்றார். நேராகப் போகிறார், வேகம்தான் இல்லை. அறுபதைத் தாண்டினால் காதுக்குள் காற்று அடிக்கிறதாம். இந்தக் காரையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேகமும் இல்லை, அழகும் இல்லை. "இந்த மாதிரி வண்டில முன்னாடி ஒரு சைஸு, பின்னாடி ஒரு சைஸுன்னு டயர் மாட்டிருப்பான். இதுல நாலும் ஒரே சைஸு. ஒரு ஸ்டெப்னி நாலுக்கும் ஆகும்."

யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் ஒருமுறை ஏறி இறங்குவார். கதவில் காதை வைத்துக் கேட்பார். அதற்குள் உள்ளே சாப்பாடு ஆறிப்போய்விடும். வேலைக்கு அழைப்பு வந்தால் 'இதோ வரேன்' என்று சொல்லவே மாட்டார். "பதினேழு நிமிஷம்" என்பார். பதினாறாவது நிமிடம் அங்கே நிற்பார். கம்பெனி வேன் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்கிறார். "அதுல ஸ்டெப்னி எந்த லட்சணத்துல இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு தரம் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாள். ஆளில்லாத அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருத்தர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். இவர் கம்பெனி வேனில் கிளம்பினார். வழியில் டயர் வெடித்தது. வேனில் இருந்த ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. அந்த அம்மா லிஃப்ட்டுக்குள் இருக்கும் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, இவர் ரோட்டோரம் நின்று "இதோ வந்துட்டேன்மா, இதோ வந்துட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவு திறக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த அம்மா கத்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு, "பதினோரு 'இதோ' சொன்னீங்க தம்பி. எண்ணிக்கிட்டே இருந்தேன். வேற என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேம்மா" என்றார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். முப்பது வருடமாக மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றபடியே வேலை பார்ப்பவர். கடைக்குப் பஸ்ஸில்தான் போவார். கார் வந்து ஐந்து வருடம் ஆகியும் அவர் அதில் ஏறியதில்லை. டயரை அவர் 'என் சக்களத்தி' என்று சொல்வார். "என் சக்களத்திக்குப் போர்வை போத்தியாச்சா?" என்று ஜன்னலிலிருந்து கேட்பார். சார் "ஆச்சு ஆச்சு" என்பார். நானும் இதைப் பார்த்து ஐந்து வருடமாகச் சிரித்திருக்கிறேன். அக்காவும் சிரிப்பதால், அது வெறும் தமாஷ் என்றே நம்பிவிட்டேன்.

நின்று நின்று தேய்ந்த முழங்காலுக்குப் போன மாதம் ஆபரேஷன் நடந்தது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயாக வேண்டும். பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பானவள். "இந்த ஆறு வாரத்துல மடக்கினாத்தான் மடங்கும். விட்டுட்டா ஜென்மத்துக்கும் விறைச்சுக்கிட்டுத்தான் நிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் ஏற முடியாது. முதல் நாள் இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அக்காவை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே மஞ்சள் காரில் டயரோடு போனார்.

அடுத்த முறை டாக்ஸி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அக்கா சோபாவை விட்டு எழவில்லை.

"நான் வரலைங்க."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. முப்பது வருஷம் பஸ்ல போனேன். இப்போ டாக்ஸி. உங்க பக்கத்துல உக்காந்து போற யோகம் அந்தக் கருப்பிக்குத்தானே எழுதியிருக்கு. அவளையே கூட்டிட்டுப் போய் மடக்கச் சொல்லுங்க."

டாக்ஸி திரும்பிப் போனது. அதற்கு அடுத்த முறையும் அப்படியே. ஒரு வாரம் போய்விட்டது. முழங்கால் மரக்கட்டையாக இறுகிக்கொண்டு வந்தது. பாத்ரூம் போய்வரவே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றால் யார்தான் என்ன செய்வது? பயந்துபோய் சார் என்னைச் சமாதானத்துக்குக் கூப்பிட்டார். போனேன். சமாதானம் பேசத்தான் போனேன், ஆனால் அக்கா நடப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், உங்களுக்கு டயர் பெருசா, அக்கா காலு பெருசா?"

"அவ காலுக்காகத்தாம்மா டயரே. நடு ரோட்டுல பஞ்சராகி, அந்தக் காலோட அவ வெயில்ல நிக்கணுமா? அவளையும் ஏத்திக்கிட்டு ஸ்டெப்னி இல்லாம எப்படிம்மா போறது?"

"நான் இல்லாம ஸ்டெப்னியை மட்டும் ஏத்திக்கிட்டு அஞ்சு வருஷமாப் போறீங்களே, அது எப்படி?" என்றார் அக்கா.

சார் எழுந்தார். வெளியே போய் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டேப்பை வைத்து டிக்கியை மறுபடி அளந்தார். துணிக் கூரையின் மேல் டயரைக் கட்டலாமா என்று கையை வைத்து அழுத்திப் பார்த்தார். கூரை குழிந்தது. அரை மணி கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக உள்ளே வந்தார். ஏதோ வழி கிடைத்துவிட்டது என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாரு, நீ சீட்டுல உக்காந்துக்கோ. டயரை மடியில வச்சுக்கறியா?"

இருபது கிலோ. ஆபரேஷன் செய்த முழங்காலின் மேல். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை காலை டாக்ஸி வந்தது. பால்கனியிலிருந்து பார்த்தேன். அக்கா விட்டுக்கொடுத்துவிட்டார் போல, வேறு வழி என்ன இருக்கிறது அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். சார் டாக்ஸியின் பின்கதவைத் திறந்தார். மஞ்சள் காரிலிருந்து டயரை இரண்டு கையாலும் தூக்கி வந்து பின்சீட்டில் வைத்து, விரிப்பைப் போர்த்தி, கதவைச் சாத்தினார்.

டாக்ஸி டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சார், வேற யாரும் ஏறலையா?"

"இல்லப்பா. இது மட்டும்தான். மஞ்ச காருக்குப் பின்னாடியே வாங்க. ரொம்ப ஒட்ட வேண்டாம், ரொம்பத் தள்ளியும் போயிடாதீங்க."

டிரைவர் டயரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார்.

கோலை ஊன்றிக்கொண்டு அக்கா வந்தார். கடைக்குப் போகும்போது போடும் சாதாரண உடை இல்லை, நல்ல உடை உடுத்தியிருந்தார். பின்னால் நிற்கும் டாக்ஸியையும் அதற்குள் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் டயரையும் பார்த்ததும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று இரண்டாவது மாடியிலிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா காருக்கு முதுகைக் காட்டி நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே போய்விட்டது. மடங்காத கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இதை என்ன பண்றது?" என்றார்.

அவர் ரோட்டில் மண்டியிட்டு, ஒரு கையைக் குதிகாலுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, அந்தக் காலை ஏந்தி உள்ளே வைத்தார்.