பாய் அனுப்பிய மெயில்

மெயிலை அனுப்பிய கையோடு பாய் எழுந்து நின்றுவிடுவார். உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்குப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். மேஜைமேல் இருக்கும் போனை எடுத்து, "மெயில் ஒண்ணு போட்டிருக்கேன், வந்துடுச்சான்னு பாருங்க" என்பார். அந்தப் பக்கம் பெரும்பாலும் நம்மூர்க்காரரோ மலையாளியோதான் இருப்பார்கள். அவர்கள் தேடிப் பார்த்து "வந்துடுச்சு பாய்" என்று சொல்லும்வரை, ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் அவர் ஏற்றுமதி மேனேஜர். சொந்த ஊர் கூத்தாநல்லூர். வளைகுடாவில் பல வருஷம் மளிகைக் கிடங்கு பார்த்துவிட்டுத் திரும்பியவர். மில்லில் எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும் அப்படித்தான். அவர் அப்படி நின்றது ஞாபகம் வந்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்து மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். ஒரு ஸ்கூட்டர், ஒரு லேப்டாப், கொஞ்சம் அதிகமாகவே வாய். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக் கட்டியவர். அதனாலோ என்னவோ, என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற வெறி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மில் முதலாளி என்னை முதலில் பார்த்தபோது, "பொம்பளப் புள்ளைங்க இதெல்லாம் ஏறி இறங்கிச் செய்யுமா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். பதில் சொன்னது பாய். "செய்யும் முதலாளி. நான் பொறுப்பு." என்னைப் பார்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை அவருக்கு. ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை.

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. மில்லுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் இருந்தது. அதற்கு முன்னால் காவலுக்கு ஒரு புது ஃபயர்வால் வைத்துத் தர வேண்டும், அதுதான் வேலை. மில்லுக்கு இணையத்தில் இரண்டு விலாசங்கள். ஒன்று பொது விலாசம். கணக்குப்பிள்ளையின் கணினி, கேமரா, லாரி டிரைவர்களின் செல்போன் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். இன்னொன்று மெயிலுக்கு மட்டும், மில்லின் பெயரில் பதிவானது. உள்ளே இருக்கும் எந்த இயந்திரம் எந்த விலாசத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டும் என்று ஃபயர்வாலில் வரி வரியாக எழுத வேண்டும். அது மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். பொருந்துகிற முதல் வரி கிடைத்ததும் நிறுத்திவிடும். நான் "எல்லாம் பொது விலாசத்தில் போகட்டும்" என்பதை மேலே எழுதிவிட்டு, "மெயில் சர்வர் மட்டும் மெயில் விலாசத்தில் போகட்டும்" என்பதை அதற்குக் கீழே எழுதினேன். கீழ்வரிக்கு முறை வரவே இல்லை, மெயிலும் பொது விலாசத்திலேயே போனது. பத்திரத்தில் ஒரு சர்வே நம்பர், காட்டுகிற நிலம் வேறு சர்வே நம்பர் என்றால் எந்த ரிஜிஸ்திரார் கையெழுத்துப் போடுவார்? அதே கதைதான். மில்லின் மெயிலைப் பார்த்த ஊர் உலகத்து சர்வர்கள் எல்லாம் சந்தேகப்பட்டு, அதை ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டன. ஃபயர்வாலை வைத்த அன்றைக்கு மில்லிலிருந்து எனக்கே ஒரு மெயில் அனுப்பிச் சோதித்தேன். அதுவும் ஸ்பாமில்தான் போய் விழுந்தது. "டெஸ்ட்னு தலைப்பு போட்டா அங்கதான் போகும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையை மூடினேன்.

இது மாதக்கணக்கில் வெளியே தெரியவில்லை. காரணம், பாயின் போன்தான். அவர் கேட்டதும் எதிர்ப்பக்கத்தில் தேடுவார்கள், ஸ்பாமிலிருந்து எடுப்பார்கள், "வந்துடுச்சு" என்பார்கள். எங்கே வந்தது என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒருமுறை எடுத்தவர்களுக்கு அடுத்த முறை நேராகவே வந்துவிடும். என் ஓட்டையை அந்த மனுஷர் நின்று நின்று அடைத்துக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல்.

ஒரு நாள் முதலாளியின் அறையில் வைத்து நான் வாயை விட்டேன். "ஏன் பாய், போன் பண்ணித்தான் சொல்லணும்னா மெயில் எதுக்கு? கடுதாசிய கையில குடுத்துட்டு, 'குடுத்துட்டேங்க'ன்னு காதுல வேற சொல்வீங்களா?" முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாத்தானே கேக்குது பொண்ணு. இனிமே போன் வேணாம் பாய். நம்ம ஆளுங்கள பட்டிக்காட்டானுங்கன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார். பாயும் சிரித்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. அடுத்த வாரம் நான் போனபோது அவர் மெயிலை அனுப்பிவிட்டு உட்கார்ந்தே இருந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சீ.

குறுவை அறுவடை சமயத்தில் மஸ்கட்டிலிருந்து ஒரு புது ஆள் வந்தார். பெரிய கடைகள் வைத்திருப்பவர். வியாழக்கிழமைக்குள் மெயிலில் உறுதி சொன்னால் அந்த வருஷ அரிசி முழுக்க இந்த மில்லில்தான் என்றார். பாய் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டார். போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவர்கள் வேறு மில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். "உங்ககிட்டேர்ந்து ஒண்ணுமே வரலியே" என்று ஒரே வரியில் செய்தி.

முதலாளி என்னைக் கூப்பிட்டு சர்வரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மெயில் கிளம்பியிருந்தது, எதிர்ப்பக்கத்து சர்வர் வாங்கிக்கொண்டதாகவும் பதிவு இருந்தது. அதற்கு மேல் நான் தோண்டவில்லை. எல்லோர் முன்னாலும், "நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்லைங்க. சர்வர் சரி, லைன் சரி" என்றேன். உடனே முதலாளி பாயைப் பார்த்துத் திரும்பினார். "இத்தனை வருஷ அனுபவம்! அனுப்பினா போச்சா? வந்துச்சான்னு ஒரு போன் போட்டுக் கேக்கத் தெரியாதா உங்களுக்கு?" பாய் என்னைப் பார்த்தார். போன் வேண்டாம் என்றது யார் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த மாதம் அவரை ஏற்றுமதியிலிருந்து எடுத்து எடைமேடையில் உட்கார வைத்தார்கள். நாலு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் வரவில்லை.

ஆயுத பூஜைக்கு மில்லிலிருந்து எல்லோருக்கும் மெயிலில் அழைப்பு போயிற்று. எனக்கு வந்தது ஸ்பாமில் கிடந்தது. இந்த முறை தலைப்பில் டெஸ்ட் இல்லை. எந்த விலாசத்திலிருந்து வந்திருக்கிறது என்று திறந்து பார்த்தேன். பொது விலாசம். அப்போதே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். கீழே இருந்த வரியை மேலே இழுத்துப் போட்டேன், அவ்வளவுதான் வேலை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு போன மெயில் எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாம்மா, பாய் போனதும் எல்லாம் ஒழுங்காயிடுச்சு" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். "பொண்ணு செய்யுமா" என்று கேட்டவர் முன்னால், "செய்யலைங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டு வருஷம் இதைச் சுமந்துகொண்டு அலைந்தேன். குத்தாலம் பக்கம் வேலை என்றாலே எரிச்சல் வரும். போன மாதம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, மில்லுக்கு வேறு எதற்கோ போயிருந்தவள் முதலாளியிடம் நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "சரி, விடும்மா. முடிஞ்சு போன கதை. பாயும் நல்லாத்தானே இருக்காரு" என்றார். நல்லாத்தானே இருக்காரா? போய்ப் பார்த்தாரா இவர்? எனக்கு வந்த கோபத்தில் அங்கிருந்தே கூத்தாநல்லூருக்கு, பாய் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் கேட்காமலே பேசினார். "அவரு முன்ன மாதிரி இல்லம்மா. கதவ பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்குறாரு. மாத்திரைய நான் எண்ணிக் குடுக்கணும். கார் ஓட்டுறதயே விட்டுட்டாரு. வாராவாரம் மருமகன் வந்து ஸ்டார்ட் பண்ணி வெச்சுட்டுப் போறாரு. என்னன்னு கேட்டா, 'சர்வர் சரி, லைன் சரின்னா தப்பு நான்தானே. எங்க தப்பு பண்ணேன்னே தெரியலயே. தெரியாமலே தப்பு பண்றவன் எதை நம்பி வண்டி ஓட்டுறது'ங்கிறாரு."

சர்வர் சரி, லைன் சரி. அது என் வாசகம், ஒரு எழுத்து மாறாமல். வேலை போனதற்கு வருந்தத்தான் நான் இத்தனை நாள் என்னைத் தயார்செய்து வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பாய் வந்தார். இளைத்திருந்தார். "என்னம்மா, இவ்வளவு தூரம்?" என்று சிரித்தார். அவர் உட்காருவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், மேல்வரி, கீழ்வரி, ஸ்பாம், ஆயுத பூஜை அழைப்பு, நான் தலையாட்டியது, எல்லாம். அவசரத்தில் உளறினேன். அவர் கையமர்த்தி, "இரு. மொதல்லேர்ந்து மெதுவா சொல்லு" என்றார். இரண்டாம் முறை அழாமல் சொன்னேன்.

"அப்ப அந்த மஸ்கட் மெயில் போச்சு?"

"போச்சு பாய். அவங்க ஸ்பாம்ல கிடந்திருக்கும்."

"நான் ஒண்ணும் தப்பு பண்ணல?"

"இல்ல பாய். நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு நான் பண்ணேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திரும்பி, "இந்தா, கேட்டியா? நான் ஒண்ணும் பண்ணலயாம்" என்றார். "அதத்தானே நான் ரெண்டு வருஷமா சொல்றேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த அம்மா அழுகிறார் என்று தெரிந்தது.

பாய் எழுந்தார். "கார் சாவி எங்க?" என்றார்.

மனைவி கொண்டுவந்து கொடுத்தார். அவர் வாசலில் இறங்கி, காரின் மேலிருந்த உறையைத் தானே உருவி மடித்துத் திண்ணைமேல் வைத்தார். அவர் திட்டுவார், திட்டட்டும், திட்டினால் போதும் என்று நான் வாசற்படியிலேயே நின்றேன். பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். தெருமுனையில் திரும்பும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.