மூளைக்கு வயர் வைக்கத் துண்டு கேட்ட மாமா

லிந்துலைக் கடைவீதியில் யாரோ பேப்பரை வாசித்துத் தொலைத்தார்கள், என் கல்யாணத்தில் மண் விழுந்தது. வெளிநாட்டில் பார்வையில்லாத ஒருவரின் மூளையில் டாக்டர்மார் மெல்லிய வயர்களைப் பதித்து மின்சாரம் விட்டுப் பார்த்தார்களாம். அவருக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தனவாம். வெறும் பரிசோதனை. அந்தச் செய்தி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மலையேறி வருவதற்குள், அந்த மனுசன் சைக்கிள் ஓட்டுகிறார் என்று வளர்ந்துவிட்டது.

எனக்கு இளவயதுக் காய்ச்சலில் பார்வை போனது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். மாமா மகளுக்கும் எனக்கும் பரிசம் போட்டு, தை மாதம் கல்யாணம் என்று பேசியாயிற்று. செய்தி வந்த அன்றே மாமா மூச்சிரைக்க வந்தார்.

"மாப்ள, கல்யாணத்த கொஞ்சம் தள்ளி வைப்போம். கண்ணு வந்தப்புறம் கட்டிக்கலாம்."

"கண்ணு வருதுன்னு எவன் மாமா சொன்னது?"

"பேப்பர்லயே போட்டுட்டாங்க!"

எரிச்சல் என்றால் அப்படியோர் எரிச்சல். அதோடு விட்டாரா? டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கும் அதே வழக்கம்தான் என்று நினைத்து, என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, மாப்ளைக்கு மூளையில வயர் வைக்கணும். ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

மருந்து வாங்க வந்த கூட்டமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

"அது இன்னும் வைத்தியமே இல்லப்பா. சோதிச்சுப் பாக்கிறாங்க. நம்ம காலத்துல வராது," என்றார் டிஸ்பென்சர்.

திரும்பும் வழி முழுக்க மாமா, "பொறுத்துப் பாப்போம், பொறுத்துப் பாப்போம்" என்றே வந்தார். அவர் வீட்டு வாசலில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிருங்க மாமா. எதுக்கு அந்த வயரப் புடிச்சுத் தொங்குறீங்க?"

மாமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஒங்கம்மா கேட்டப்ப, கூடப் பொறந்தவளாச்சே, மறுக்க முடியல மாப்ள. ஆனா ராத்திரில தூக்கம் வருதில்ல. எனக்கிருக்கிறது ஒரே புள்ள. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நீங்க எப்பிடிப் பாத்துக்குவீங்க?"

உள்ளே அடுப்பூதிக்கொண்டிருந்த மாமா மகள் வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, மச்சானுக்குக் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுதானே நான் சரின்னேன்? வெளிச்சப் புள்ளிய நான் கேட்டனா? என்னையக் கேக்காம என் கல்யாணத்தத் தள்ளிப் போடாதீங்க."

"தையிலயே வச்சுக்குங்க," என்றார் மாமா. அந்தக் குரலில் சந்தோஷமே இல்லை, பயம்தான் இருந்தது. அன்றுதான் முதல் முறையாக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.